யோசியாதையுங்கோ

அந்த வெள்ளைக்கார டொக்டருக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கைபிடி வைத்த கதிரை. காலை எட்டு மணிக்கு நான் அதில் உட்கார்ந்தால், வெளியில் வரிசையில் நிற்கிற சனம் என்னையும் ஒரு டொக்டர் மாதிரித்தான் பார்க்கும். எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள். உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, பல்கலைக்கழகக் கடிதம் வரும் வரும் என்று ஒரு வருசமாகத் தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் கிடைத்த வேலை இது. டொக்டர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். சனம் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் பழைய ஆங்கில ரீச்சர்தான் என்னைச் சொல்லிவிட்டிருந்தா. சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாடும் அந்தக் கதிரையும்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, மின்சாரமும் மண்ணெண்ணெயும் நின்றுபோன பிறகு, வெளிநாட்டு நிவாரணக்காரர் சிலர் சாவகச்சேரிக்கு வெளியே, ரியூசன் வகுப்புகள் நின்று மூடிக்கிடந்த ஒரு ரியூட்டரிக் கொட்டகையில் மருந்தகம் நடத்தினார்கள். அங்கே வந்த சனத்தில் பாதிப்பேர் நாரி நோ என்றுதான் வந்தார்கள். நாரி என்றால் எங்கள் பக்கத்தில் முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம். தண்ணீர் இறைக்கிற மிசின் ஓட எண்ணெய் இல்லை, கிணற்றில் கையால் இறைத்தார்கள். லொறி ஓடவில்லை, விறகும் மரக்கறியும் சைக்கிளில் போயின. சைக்கிளில் ஏற்றிய பாரத்தைப் பார்த்தால் மாடே வெட்கப்படும். ஊரின் பாரமெல்லாம் கடைசியில் வந்து இறங்கிய இடம் நாரி. ஒருவருக்கு அது குத்தும், ஒருவருக்கு உளையும், ஒருவருக்குக் கடுக்கும், ஒருவருக்கு விறைக்கும், இன்னொருவருக்குப் பிடித்துக்கொள்ளும். நான் எல்லாவற்றையும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லாக்கி டொக்டரிடம் கொடுத்தேன்.

யோசனை என்ற சொல்லில்தான் நான் பிழைவிட்டேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “யோசிச்சு எழுது” என்றால் மூளையைப் பாவிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். வெளியில் போன ஆள் வந்துசேரப் பிந்தினால், “யோசிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்” என்பார்கள். அது பயம், கலக்கம். டொக்டர் ‘வொறி’ என்று சொல்லும்போதெல்லாம் நான் யோசனை என்று போட்டேன். சனம் யோசனை என்று சொல்லும்போதெல்லாம் ‘வொறி’ என்று போட்டேன். ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. பாஸ் பண்ணின ஆளுக்குச் சந்தேகம் வராது.

டொக்டர் நல்ல மனுசி. அதையும் சொல்லத்தான் வேண்டும். தலை நரைத்த, உயரமான பெண். அவவுக்கும் நாரி நோ இருந்ததாம். பல வருசம் அவதிப்பட்டு, கடைசியில் மூச்சை மெல்ல விட்டு, மனதில் கிடப்பதை இறக்கிவைக்கப் பழகின பிறகுதான் ஆறினதாம். கலங்கின மனம் தசையை இறுக்கும், இறுகின தசை நோகும், நோ திரும்ப மனதைக் கலக்கும் என்று ரியூட்டரிக் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறிக் காட்டினா. மருந்துப் பெட்டிகள் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வட்டத்துக்கு ஒரு துண்டு வெண்கட்டி போதும்.

புதன்கிழமைகளில் வகுப்பு. நிலத்தில் பாய் விரித்துப் பெண்களை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை மடக்கச் சொல்வா. நாரியை நிலத்தோடு அழுத்திப் பத்து எண்ணி விட வேண்டும். நான் பாய்களுக்கு நடுவில் நின்று உரத்துச் சொல்வேன்.

“மூச்சை இழுங்கோ. இப்ப மெல்ல விடுங்கோ. மூச்சோடை சேத்து யோசிக்கிறதையும் விடுங்கோ.”

“யோசிக்கிறதை நாங்கள் விட்டால் பேந்து ஆர் தம்பி யோசிக்கிறது? நீரோ?” என்று கிடந்தபடியே கேட்டா ஒரு வயதான அம்மா.

“அவருக்கென்னக்கா, அவர் இங்கிலிசிலை யோசிப்பார்,” என்றது பக்கத்துப் பாய்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. என்னவாம் என்று டொக்டர் கேட்டா. வகுப்பு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

ஒரு புதன் வானத்தில் பொம்மர் சத்தம் கேட்டது. நாரியை அசைக்க ஏலாது என்று கிடந்த பெண்கள் எல்லாரும் டொக்டருக்கும் எனக்கும் முந்திப் பங்கர் வாசலில் நின்றார்கள். பங்கருக்குள் குனிந்துதான் இறங்க வேண்டும். ஒருவரும் முனகவில்லை. உள்ளே இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு டொக்டர் என் காதில், “பார்த்தீரா, நோவில் எவ்வளவு மனதில் இருக்கிறது,” என்றா. நானும் தலையாட்டினேன். உயிர்ப்பயத்தில் ஒருவர் எழும்பி ஓடினதை, அவருக்கு நோவில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். படித்தவர்கள் இரண்டு பேர்.

சிலருக்கு அந்த வகுப்பால் உண்மையாகவே ஆறியது. கொக்குவிலில் இருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு ரீச்சர் பயத்தில் நித்திரையில்லாமல் உடம்பு கட்டையாகிக் கிடந்தவ. மூன்று கிழமையில் நிமிர்ந்து நடந்தா. அவவைப் பார்த்து எனக்கு இன்னும் நம்பிக்கை கூடியது. அந்த ரீச்சர் வெங்காயம் நடுவதில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

என் அம்மா வெங்காயம் நடுகிறவ. புத்தூரில் ஒரு கமக்காறரின் தோட்டத்தில் கூலி. நடுகை, புல்லுப் பிடுங்கல், வெங்காயம் கிண்டி எடுத்தல், எல்லாம் குனிந்தபடிதான். அப்பா நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது செத்துப்போனார். அதற்குப் பிறகும் அம்மா என்னைத் தோட்டத்துக்கு விடவில்லை. மிசின் நின்ற பிறகு பெண்களும் மாறி மாறிக் கிணற்றில் வாளி இழுத்தார்கள். அப்படி இழுத்த ஒரு நடுகைக் காலத்தில்தான் அம்மாவுக்கு நாரி பிடித்தது. பாயில் இருந்து எழும்புவதென்றால் முதலில் ஒரு பக்கம் திரும்புவா. பிறகு முழங்காலில் நிற்பா. பிறகு கூரையைத் தாங்குகிற வீட்டுக் கப்பைப் பிடித்து, கை மேல் கை வைத்து ஏறுவா. வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தோம். நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு நாளைக்குக் கேட்கும், அடுத்த நாள் தோட்டத்தில் போய்விடும்.

மருந்தகத்தில் ஒரு துண்டு இருந்தது. இவருக்கு ஓய்வு வேண்டும், உடம்பால் வேலை செய்ய ஏலாது என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்தால், நிவாரணக்காரர் ஆறு கிழமைக்கு மாவும் பருப்பும் எண்ணெயும் தருவார்கள். ஆறு கிழமை குனியாமல் சாப்பிடலாம். அந்தத் துண்டைப் பற்றி ஊர் முழுக்கத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவ ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப்போட்டு அம்மாவை ஏற்றி, வண்ணாத்திப் பாலத்தால் மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் சேட்டைப் பின்னால் இறுக்கிப் பிடிப்பா. போய்ச் சேர்ந்ததும், மற்ற ஆக்களைப் போல வரிசையில் நில் என்று நான்தான் சொன்னேன். அம்மா என்று முந்தவிட்டால் சனம் கதைக்கும். இரண்டு மணித்தியாலம் நின்றா. நான் உள்ளே கைபிடிக் கதிரையில் இருந்தேன்.

அம்மாவின் முறை வந்தது. டொக்டருக்கு முன்னால் வைத்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக அவவை நான் ‘நீங்கள்’ என்றேன். வீட்டில் ‘நீ’தான், ‘எணை’தான்.

“எவ்வளவு நாளா நோகுது உங்களுக்கு?”

அம்மா திரும்பிப் பார்த்தா, பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நடுகை தொடங்கினதிலை இருந்து, ஐயா,” என்றா.

டொக்டர் அடுத்ததைக் கேட்டா. நான் தமிழாக்கினேன். “குனிஞ்சு வேலை செய்யேக்கை நோ வந்தால் என்ன செய்வீங்கள்?”

“கொஞ்சம் நிமிந்து நிண்டு யோசிப்பன். பேந்து குனிவன்.”

வேலையை விட்டு நின்று கவலைப்படுகிறாவாம் என்று நான் டொக்டருக்குச் சொன்னேன்.

டொக்டர் பேனையை எடுத்தா. “எதைப் பற்றி?” என்றா.

அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் கொண்டுபோகவே இல்லை. எதற்குக் கொண்டுபோக வேண்டும்? எனக்குத் தெரியாததா? “என்னைப் பற்றி,” என்றேன். “நான் ஒரே பிள்ளை. என்ரை படிப்பு, நாட்டு நிலைமை.” டொக்டர் அம்மாவை இரக்கமாகப் பார்த்தா. இவ என்னத்துக்கு இப்படிப் பார்க்கிறா என்று தெரியாமல் அம்மாவும் ஒரு சிரிப்புச் சிரித்தா. டொக்டர் எழுதத் தொடங்கினா.

அப்போது அம்மா உதடு அசையாமல், “அந்தத் துண்டைக் கேள் மோனை,” என்றா.

“அது கேக்கக் கூடாதணை. நான் இஞ்சை வேலை செய்யிறன். சனம் என்ன சொல்லும்?”

“சனமே எனக்குப் பதிலாக் குனியுது?”

அம்மா என்ன சொல்கிறா என்று டொக்டர் கேட்டா.

“உங்களுக்கு நன்றி சொல்கிறா,” என்றேன்.

அட்டையில் டொக்டர் எழுதிக் கொடுத்தது புதன் வகுப்பு.

அம்மா வந்தா. புதன்கிழமைகளில் அரை நாள் வேலையை விட்டு, என் சைக்கிளில் தொங்கி வந்து, பாயில் கிடந்து, நான் சொல்லச் சொல்ல மூச்சை இழுத்து விட்டா. நாலாம் கிழமை டொக்டர், நோ குறைந்த ஆட்கள் கை தூக்குங்கள் என்றா. நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே அம்மாவின் கை எழும்பியது. முதல் கை அதுதான். அதைப் பார்த்து மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழும்பின. டொக்டருக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மா சைக்கிளால் இறங்கி, கப்பைப் பிடித்து, பழையபடி கை மேல் கை வைத்து இறங்கி நிலத்தில் இருந்தா.

“குறையேல்லை எண்டால் ஏனணை கையைத் தூக்கினனி?”

“நீ அதிலை நிண்டு தொண்டை கிழியக் கத்துறாய். நோ குறையேல்லை எண்டு நான் சொன்னால் உனக்கல்லோ மரியாதையில்லை.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “நீ யோசிக்கிறதை விடேல்லை. அதுதான் உனக்கு ஆறேல்லை,” என்றேன். இன்றைக்கும் அந்த வசனத்தை நினைத்தால் என் வாயை நானே பொத்த வேண்டும் போலிருக்கிறது. அம்மா மாவைக் குழைக்கத் தொடங்கினா.

அடுத்த புதன் அம்மா வீட்டில் இல்லை. புல்லுப் பிடுங்க ஆள் காணாது என்று கமக்காறர் விடவில்லையாம். கூட்டிப்போகலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். வரம்பில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறேன். பத்துப் பெண்கள் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து, நாரியில் கையை ஊன்றிக்கொண்டு, வெங்காயப் பாத்தியின் அந்தத் தலைப்பைப் பார்த்தபடி நிற்கிறா. அம்மா. முகத்தில் ஒரு ஆழ்ந்த பார்வை. பாவம், என்னை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்கிறா என்று நெஞ்சு இளகிப்போனது.

“என்னணை யோசிக்கிறாய்?” என்றேன் கிட்டப் போய்.

“இந்த வெங்காய வரியிலை இடப்பக்கமா நிண்டு புல்லைப் பிடுங்கிக்கொண்டு போனால் வலப்பக்க நாரிக்குக் கொஞ்சம் ஆறுதல். காலமை மறந்துபோய் வலப்பக்கமாத் தொடங்கீட்டன். இனி எதிலை திரும்பினால் மற்ற ஆக்களுக்கு இடைஞ்சல் இல்லை எண்டு யோசிக்கிறன்.”

“வேறை ஒண்டும் யோசிக்கேல்லையோ?”

“வேறை என்னத்தை?”

“என்னைப் பற்றி.”

அம்மா நோவோடு சிரித்தா. “உன்னைப் பற்றி யோசிக்கிறதுக்கு நிமிந்து நிக்க வேணுமே? அது குனிஞ்சபடியும் யோசிக்கலாம்.”

பக்கத்து வரியில் இருந்த பெண்ணும் சிரித்தா. எனக்குக் காது சூடாகியது. அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் முகங்கள் வந்தன. நோ வந்தால் என்ன செய்வீங்கள் என்று நான் கேட்டதற்கு “யோசிப்பன்” என்றும் “யோசனைதான்” என்றும் சொன்ன பெண்கள். வாளியை எந்தக் கையால் இழுப்பது என்று யோசித்திருப்பார்கள். விறகை எந்தத் தோளில் வைப்பது, எத்தனை தரம் இறக்கி ஏற்றுவது என்று யோசித்திருப்பார்கள். நோவோடு வேலை செய்கிற ஆளுக்கு அதுதானே மருந்து. நான் அவர்கள் எல்லாரையும் மனம் கலங்கினவர்கள் என்று எழுதுவித்தேன். யோசித்த வாயைப் பார்த்து யோசிக்கிறதை விடுங்கோ என்று கத்தினேன்.

உடனே போய் டொக்டரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இரண்டு கிழமை சொல்லவில்லை. அந்தக் கதிரையில் இருந்து, அதே சொல்லை அதே மாதிரி மாற்றிக்கொண்டு இருந்தேன். சொன்னால் கதிரை போய்விடும் என்று பயந்தேன். அந்த இரண்டு கிழமையும் அம்மா குனிந்துகொண்டிருந்தா. ஒருநாள் காலை, முழங்காலில் இருந்து எழும்பமுடியாமல், அம்மா கப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், “ஒண்டுமில்லை, நீ போ, நேரம் போச்சு,” என்றா. அன்றைக்குத்தான் சொன்னேன்.

டொக்டர் ஊருக்குத் திரும்ப ஒரு கிழமை இருந்தது. சொல்லின் இரண்டு வேலையையும் விளங்கப்படுத்தினேன். அம்மாவிடம் கேட்காமல் நானே பதில் சொன்னதையும் சொன்னேன். துண்டு கேட்டதை நன்றி என்று மாற்றினதையும் சொன்னேன். அவ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “அப்படியென்றால் இத்தனை மாதமும் நான் கதைத்தது இவர்களோடா, உம்மோடா?” என்றா.

பதிவுக் கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினா. பக்கத்துக்குப் பக்கம் ‘வொறி’. இதில் கவலைப்பட்டவர் யார், யோசித்தவர் யார் என்று விரலை வைத்து வைத்துக் கேட்டா. தெரியாது, தெரியாது, தெரியாது என்றேன். கிட்ட இருந்த சிலரைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்டோம். அதிலும் இரண்டு பேருக்குத் துண்டு கொடுக்க வேண்டியிருந்தது. மிச்சப் பேர் எங்கெங்கே இடம்பெயர்ந்து போனார்களோ. கடைசியில் அம்மாவின் பெயரிலும் ஒரு துண்டு எழுதினா. மையைக் காயவைத்து என் கையில் தரும்போது, எனக்குப் பின்னால் வருகிறவருக்காக அந்தச் சொல்லைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னா. இரண்டு பக்கம் எழுதி மேசை லாச்சியில் வைத்துவிட்டு, கதிரையை விட்டு வந்தேன். யாரும் வாசித்தார்களோ தெரியாது.

துண்டைக் கண்டு அம்மா பூரிப்பா என்று நினைத்தேன். அவ அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, வாசிக்கத் தெரியாத எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “கமக்காறரிட்டைக் கேட்டனியோ?” என்றா.

கேட்கப் போனேன். கமக்காறர் கிணற்றடியில் நின்றார்.

“ஆறு கிழமையோ? கொம்மா என்ன, கந்தோரிலையே வேலை செய்யிறா லீவு எடுக்க? புல்லுக்குத் துண்டு தெரியுமோடா? நாளைக்கே வேறை ஆளைப் பிடிப்பன். பிடிச்சால் பிடிச்சதுதான். பேந்து வந்து வேலிப் படலையிலை நிக்கக் கூடாது.”

துண்டு ஆறு கிழமைக்கு மா தரும். அந்த வரி அம்மாவுக்குப் பத்து வருசமாகச் சாப்பாடு தந்தது. என் வாயில் இருந்து வந்தது எனக்கே புதினமாக இருந்தது. “அவவுக்குப் பதிலா நான் வாறன்.”

அவர் என்னைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். “நீயோ? சேட்டு ஊத்தையாகுமெல்லோ, படிச்சவர்?”

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட, வாசலை மறித்து நின்றா. “நீ குனியக் கூடாதெண்டுதானேடா நான் இவ்வளவு காலமும் குனிஞ்சனான். கடைசியிலை நீ குனியிறதை என்னையே பாக்க வைக்கிறியோ?” என்றா. அம்மா அழுது நான் பார்த்தது குறைவு. விலத்திக்கொண்டு போனேன்.

என் பக்கத்து வரியில் புல்லுப் பிடுங்கினவ புதன் வகுப்புக்கு வந்து கை தூக்கினவர்களில் ஒருவர். முதல் நாள் பத்து மணிக்கே நான் நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன்.

“மாஸ்டர், மூச்சை இழுங்கோ,” என்றா, தலை நிமிராமல்.

“மெல்ல விடுங்கோ,” என்றது அடுத்த வரி.

“நோ உங்கடை மனசிலைதான் மாஸ்டர். நாரியிலை ஒண்டுமில்லை.”

தோட்டமே குலுங்கியது. கிணற்றடியில் வாளி இழுத்தவள்கூடக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? மத்தியானம் அதே பெண் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, “முழங்காலை மடக்கிக் குந்து தம்பி. கால் மரத்துப்போனாலும் பறவாயில்லை, நாரி தப்பும்,” என்றா. கரும்பலகையில் இல்லாத பாடம்.

வீட்டில் அம்மா கிடந்தா. நிவாரண மாச் சாக்கைக் காலுக்குக் கீழே வைத்து, முழங்காலை மடக்கி. அப்படிக் கிடந்தால் நாரிக்குச் சுகம் என்று டொக்டர் சொல்லிக் கொடுத்தது சரிதான். கிடக்க நாள் இருந்தால் சரி. மூச்சுப் பயிற்சியையும் செய்தா. முதல் கிழமை அரை மனதாகக் கிடந்தா. ஒவ்வொரு பின்னேரமும் நான் வந்ததும் விசாரணை. “இண்டைக்கு எந்த வரி? எந்தப் பக்கமா நிண்டனி? வெய்யில் முதுகிலை பட்டதோ, முகத்திலை பட்டதோ? நாளைக்குக் கிணத்தடிப் பாத்தி வரும், அது ஈரம், கால் வழுக்கும், நாரியிலை தாங்காதை.” கிடந்தபடியே முழுத் தோட்டத்தையும் தலைக்குள் வைத்து எனக்கு வழி சொன்னா. அவ சொன்னபடி செய்த நாளில் என் நோ பாதி குறைந்தது. மூன்றாம் கிழமை கப்பைப் பிடிக்காமல் எழும்பினா. நாலாம் கிழமை குந்தியிருந்து தேங்காய் துருவினா. ஐந்தாம் கிழமை தலைமயிரைக் குனிந்து உலர்த்தியதைப் பார்த்தேன். நோவில்லாமல் குனிகிற என் அம்மாவை நான் கண்டு எவ்வளவோ காலம். முகம் இளகி, கன்னம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது, இவவுக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை என்று.

ஒரு நாரி ஆறுவதற்கு என்ன வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். கவலையை விடுவதும் ஒரு மருந்துதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதல், இவர் குனிய வேண்டிய இடத்தில் வேறு ஒருவர் குனிய வேண்டும். அதை யாரும் பாயில் கிடத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

மா குறையக் குறைய அம்மாவின் கால் வைத்த உயரமும் இறங்கிக்கொண்டு வந்தது. ஆறாம் கிழமை சாக்கை இரண்டாய் மடித்து, உள்ளே பழைய சீலை அடைத்தா. துண்டைப் புதுப்பிக்கலாமோ என்று கேட்க மருந்தகத்துக்கு ஒருநாள் போனேன். டொக்டர் போய்விட்டா. புதிதாக வந்த டொக்டருக்குப் பக்கத்தில் வேறு ஒருவர் இருந்தார். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அந்தப் புது ஆள், ஒருவருக்கு ஒரு தரம்தான் துண்டு என்றார். நான் என்ன சொன்னேன் என்று டொக்டர் அவரைக் கேட்டதும், அவர் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி முடித்ததும் கேட்டது. ‘தாங்ஸ்’ என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

ஏழாம் கிழமை திங்கட்கிழமை. முந்தின நாள் கிணற்றில் வாளி இழுக்கும்போது என் நாரியில் என்னவோ சுளுக்கென்று இழுத்தது. காலையில் பாயில் இருந்து எழும்ப முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பினேன், முழங்காலில் நின்றேன், அதற்கு மேல் ஏலவில்லை.

அம்மா சீலையைத் தூக்கிச் செருகி, நாரியைச் சுற்றி ஒரு துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றா.

“இண்டைக்கு ஒரு நாள் விடு. நான் பின்னேரமெண்டாலும் போறன்,” என்றேன்.

“கிட. போகாட்டி வரியிலை வேறை ஆள் நிக்கும்.” சீலை அடைத்த சாக்கை என் காலுக்குக் கீழே தள்ளிவிட்டா. “முழங்காலை மடக்கு. ரோதை மாதிரி உருளாதை.”

பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனா. நல்ல வேகமாகத்தான் போனா; ஆறு கிழமை கிடந்து எழும்பின உடம்பு. பின்னேரம் வரும்போது, படலையில் இருந்து வீட்டு வாசல் வருவதற்குள் இரண்டு தரம் நின்றா. எதற்கு நின்றா என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து, கப்பைப் பிடித்து, கை மேல் கை வைத்து இறங்கி நிலத்தில் இருந்தா.